ஊசி போட்ட உடம்பு

எடம் இருக்குது, நீங்க எந்திரிக்க வேண்டாம். நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன். லிப்டுக் கதவு தெரிஞ்சாப் போதும் எனக்கு.

உங்க ஊட்டுக்காரருக்கு இதுதான் மொத ஊசியா? இப்ப உள்ள போனாரே, நீலச் சட்டை, அவருதானே? பயப்படாதீங்க அம்முணி. வயித்துத் தோலைப் புடிச்சுச் சுருக்குன்னு போட்டுருவாங்க. மூணு மாசத்துக்கு ஒண்ணு. ஊசி ஒரு வலியுமில்லை. அதுக்கு அக்கட்டால வர்றதுதான் வலி. முழங்காலு, தோள்பட்டை, வெரல் கணு, ஒரு மூட்டு உடாம வலிக்கும். டாக்டரு என்ன சொல்லுவாருன்னா, 'கொஞ்சம் மூட்டு வலி இருக்கும்மா, தெனம் நடக்கச் சொல்லுங்க'ம்பாரு. கொஞ்சமாமா! கட்டிலுக்குப் பக்கத்துல ரெண்டு வருசம் உக்காந்து அந்தக் கொஞ்சத்தைப் பாத்தவ நானு. எதுன்னாலும் எங்கிட்டக் கேளுங்க, சொல்றேன்.

என்ற ஊட்டுக்காரரு இன்னும் வரலீங்க. மகளோட வருவாரு. இப்ப மகள் ஊட்டுலதான் இருக்காரு, இங்கயே ஈரோட்டுல. நானு திருச்செங்கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பஸ்ஸேறி வந்தேன். வரச் சொன்னாங்களான்னு கேட்டா, இல்லீங்க, வரச் சொல்லல. இன்னிக்கு அவருக்கு ரத்தம் பாத்துச் சொல்ற நாளு. கட்டுன பொண்டாட்டிக்கு அது தெரிய வேண்டாமா? நீங்களே சொல்லுங்க. மார்கழி மாசத்துல கூட்டிட்டு வந்தவ, புரட்டாசி ஆச்சு, இன்னும் கண்ணுல காட்டல. போன் பண்ணுனா எடுக்கறதில்லை. எடுத்தாலும், 'அப்பா நல்லா இருக்காரு, வெச்சுடறேன்'ங்கறா. பெத்த மக.

என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. கேட்டுட்டு நாயத்தை நீங்க சொல்லுங்க.

அவரு போர் போடற ரிக்கு வண்டியில டிரில்லருங்க. எங்கூர்ல பாதி ஆம்பளைக அந்த வேலைதான். ஆந்திரா, ஒரிசா, மத்தியப் பிரதேசம்னு பாறை இருக்கற சீமையெல்லாம் போயிப் போர் போடுவாங்க. மழை புடிச்சாத்தான் வண்டி நிக்கும், அப்பத்தான் ஊட்டுக்கு வருவாங்க. மத்த பொம்பளைக மழை எப்ப வரும், மழை எப்ப வரும்னு காத்துக் கெடப்பாளுக. நானும் மானத்தைத்தான் பாத்துட்டிருப்பேன். மேகம் கட்டுச்சுன்னா, கலைஞ்சு போகோணும்னு சாமியக் கும்புடுவேன்.

கெட்டவருன்னு சொல்லல. வேலை அப்படிப்பட்ட வேலை. நாளெல்லாம் காதுகிட்ட அந்த எஞ்சினு கத்துனா எந்த மனுசனுக்குத்தான் தலை நிக்கும்? வந்து பையை வெச்சதும் ரெண்டு நாளைக்கு நல்லா இருப்பாரு. மூணாம் நாளு ஏதாச்சும் ஒண்ணு ஆகும். கொழம்புல உப்பு எச்சா இருக்கும். இல்லைன்னா நானு முட்டைக்காரன்கிட்டச் சில்லறை வாங்கறப்ப சிரிச்சிருப்பேன். கல்யாணம் ஆன மொத மழையிலயே தோள்பட்டை எலும்பு போச்சு. ராடு மாட்டற ஸ்பேனர் இருக்குதுங்க, கை நீளத்துக்கு, அது அவரு கையில இருந்துச்சு. வேணும்னு எடுத்து அடிக்கல, கையில இருந்ததால அடிச்சுட்டாரு. மறுநாள் அவரே சொன்னாரு, 'கை தானா போயிருச்சு புள்ள, நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது'ன்னு. நெசந்தானே? வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்.

மக மைதிலிக்கு முன்னால ஒண்ணு வயித்துல இருந்துச்சு. தங்கல. எட்டி ஒதைச்சாரு, நான் செவுத்தோரமா நின்னுட்டிருந்தேன், நவுர எடமில்லை. அதுக்கப்பறம் செவுத்தோரமா நிக்கற பழக்கத்தையே உட்டுட்டேன். இங்க பாருங்க, இந்த ரெண்டு வெரல்ல நெகம் கோணலா இருக்குது பாருங்க. கதவைச் சாத்துனாரு. என்ற கை கதவு நெலையில இருந்தது அவருக்குத் தெரியும். தெரிஞ்சு ரெண்டாந்தடவை அழுத்திச் சாத்துனாரு. ஒரு நாயி வெச்சிருந்தோம். என்னைப் போட்டு மிதிக்கறப்ப அது குறுக்கே வந்து அவரு வேட்டியைக் கவ்வுச்சு. கடப்பாரையை எடுத்து அதும் முதுகை ஒடைச்சுப் போட்டாரு. மூணு நாளு மாட்டுக் கட்டுத்தரையில இழுத்துட்டே கெடந்து செத்துச்சு. நாயிக்கு என்ன தெரியும், ஊட்டுச் சமாச்சாரத்துல தலையிடக் கூடாதுன்னு?

என்ற அண்ணன் ஒருக்கா வந்து மொகத்தைப் பாத்துட்டு, 'என்னம்மா இது, பொட்டியை எடு போகலாம்'னான். 'கெணத்து மேட்டுல வழுக்கிட்டேன் அண்ணா'ன்னேன். அவன் நம்பல. நான் கெளம்பவும் இல்லை. முப்பது வருசங்க. பெத்தவகிட்டச் சொல்லல, கூடப் பொறந்தவன்கிட்டச் சொல்லல. என்ற மகளுக்கே நான் வாயால ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளாப் பாத்ததுதான்.

அப்பறம் அவருக்கு ஒண்ணுக்குப் போறதுல கஷ்டம் வந்துச்சு. வேலையை உட்டுட்டு ஊட்டோட வந்து ஒரு வருசம் இருக்கும். மைதிலிதான் இங்க கூட்டிட்டு வந்து காட்டுனா. அடிவயித்துச் சுரப்பியில புத்துநோயின்னு சொல்லிட்டாங்க. கதிரு சிகிச்சைங்கற கரண்டு வெச்சாங்க. கூடவே இந்த ஊசி.

டாக்டரு நல்ல மனுசன். சின்ன வயசுதான். எங்க மூணு பேரையும் உக்கார வெச்சுப் பொறுமையாச் சொன்னாரு. 'ஆம்பளை ஒடம்புல டெஸ்டோஸ்டிரோன்னு ஒண்ணு சுரக்குதும்மா. மீசை மொளைக்கறது, கொரல் ஒடையறது, சதை இறுகறது, எல்லாம் அதனாலதான். இந்தக் கட்டியும் அதைத் தின்னுதான் வளருது. ஊசி போட்டா அது சுரக்கறது நின்னுரும், கட்டி பட்டினி கெடக்கும். ஆனா அந்தச் சத்து எலும்புக்கும் மூட்டுக்கும் கூட வேண்டியதுதான். அது இல்லைன்னா மூட்டு வலிக்கும், எலும்பு மெலியும், ஒடம்பு திகுதிகுன்னு சூடாகும், சும்மாவே அழுகை வரும். பாத்துக்கோணும்'னாரு.

நான் கேட்டேன், 'கோவம் கொறையுங்களா?'

மைதிலி என்னைத் திரும்பிப் பாத்தா. டாக்டரு, 'அப்படி நேரா ஒண்ணுக்கொண்ணு முடிச்சுப் போட முடியாதும்மா. சிலபேருக்கு எரிச்சல் எச்சாகறதும் உண்டு'ன்னு சொன்னாரு.

அவரு படிச்சவரு, அப்படித்தான் சுத்தி வளைச்சுப் பேசுவாரு. எனக்குப் புரிஞ்சு போச்சு. முப்பது வருசம் என்னை அடிச்சது என்ற ஊட்டுக்காரரு இல்லைங்க, அவரு ஒடம்புல ஊறுன அந்தச் சாறு. அது நின்னா எல்லாம் நின்னுரும். அங்கயே அந்த நாற்காலியிலயே நான் அவரை மன்னிச்சுட்டேன். ஒரு துளிக் கோவம் இல்லை எனக்கு, இன்னிக்கும் இல்லை. அதை மொதல்ல தெரிஞ்சுக்குங்க.

ரெண்டாவது ஊசி போட்டதும் ஆளு மாறிட்டாருங்க. நெஞ்சுச் சதையெல்லாம் தொளதொளன்னு ஆச்சு. திடுதிப்புன்னு வேர்த்துக் கொட்டும், சட்டையைக் கழட்டிட்டு விசிறச் சொல்லுவாரு. டிவியில யாரோ யாருக்கோ தாலி கட்டுனா அழுவாரு. ஸ்பேனரை ஒத்தைக் கையில தூக்குன மனுசன், பாட்டில் மூடியைத் தெறக்க எங்கிட்ட நீட்டுவாரு. அப்பறம் மூட்டு. காலம்பர கட்டில்ல இருந்து எந்திரிக்க முடியாது. முழங்காலு ரெண்டும் துருப்புடிச்ச மாதிரி இறுகிக்கும். 'அம்மா, அம்மா'ன்னு மொனகுவாரு. கைத்தடி வந்துச்சு. ராத்திரியெல்லாம் தோளைப் புடிச்சுட்டு உக்காந்திருப்பாரு.

நான் விட்டுட்டா இருந்தேன்? பொண்டாட்டி செய்யற எல்லாம் செஞ்சேன். வாய்ல ஊட்டுனேன், கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போனேன், குளிப்பாட்டுனேன். காலம்பரயும் பொழுதோடவும் எண்ணெய் காய்ச்சி மூட்டு உருவி உட்டேன். 'எங்கீங்க வலிக்குது'ன்னு கேப்பேன். வெரலை வெச்சுக் காட்டுவாரு. அந்த எடத்துல கட்டை வெரலைக் குடுத்து அழுத்துவேன். வலி இருக்கற எடத்துலதானே புடிக்கோணும்? அவரு கத்துவாரு. 'மெல்ல புள்ள, மெல்ல'ம்பாரு. மெல்லப் புடிச்சா வலி எறங்குமா? அந்த எலும்புக்கும் முட்டிச் சிப்பிக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்குது பாருங்க, அதுல வெரலு போச்சுன்னா ஆளு தூக்கிப் போடும். கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டும். கத்தி ஓஞ்சதும் அப்படியே தொவண்டு கெடப்பாரு. வலி எறங்கிருச்சுன்னு அர்த்தம்.

ஒரு நாளு பால் டம்ளரைக் கையில குடுத்தேன். வெரல்ல புடிப்பு இல்லை, உட்டுட்டாரு. அப்பத்தான் தொடைச்சு உட்ட தரை. என்ன ஏதுன்னு எனக்கே தெரியல, பளார்னு ஒண்ணு வெச்சுட்டேன் கன்னத்துல. கை தானா போயிருச்சுங்க. நாங்கூடப் பயந்துட்டேன், எந்திரிச்சு வருவாருன்னு செவுத்தை உட்டு ரெண்டடி தள்ளி நின்னேன். வரலை. கன்னத்தைப் புடிச்சுட்டு என்னையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. அப்பறம் சொன்னாரு, 'கை நடுங்குது புள்ள, வேணும்னு உடல'ன்னு.

'நல்லாப் புடிச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுங்களே'ன்னேன். நெசந்தானே?

ஏன் கையை இழுத்துக்கறீங்க? இருங்க, முழுசாக் கேளுங்க. தெனமும் அடிச்சேன்னு நெனைச்சுக்காதீங்க. அப்படியெல்லாம் இல்லை. எப்பவாச்சும். சோத்தைத் துப்புனா. படுக்கையில ஒண்ணுக்குப் போயிட்டா. நல்லா இருந்தாருன்னா நான் எதுக்கு அடிக்கப் போறேன்? ஒருக்கா வெளக்குமாத்துக் கட்டையில முதுகுல ரெண்டு போட்டேன், அது ஈ ஓட்டிட்டிருந்தேன், கையில இருந்துச்சு. மரியாதைக் கொறைவா ஒரு வார்த்தை பேசுனதில்லைங்க. 'கத்தாதீங்க', 'வாயை மூடுங்க', 'கையை எடுங்க', இப்படித்தான் பேசுவேன். அவரு என்னைப் பேசுன பேச்சுக்கு…  அது கெடக்குது, உடுங்க.

ஒத்தடம் குடுக்கச் சொல்லி எல்லாரும் சொல்லுவாங்க. தவிடு வறுத்துத் துணியில கட்டி முட்டிக்கு வெப்பேன். சூடு தாங்கலைன்னு காலை இழுப்பாரு. காலு மேல உக்காந்துட்டு வெக்கோணும், இல்லைன்னா முடியாது. தோலு கொப்பளிச்சுப் போச்சு. அது தவிட்டுச் சூட்டுல இல்லைங்க, அந்த ஊசி போட்டா தோலு அப்படி மெலிசாயிருது. மறுநாளு அந்தக் கொப்பளத்து மேலயே வெக்க வேண்டியதாப் போச்சு. வேற எங்க வெக்கறது, வலி அங்கதான இருக்குது?

'வேண்டாம் புள்ள, உன்னைக் கும்புட்டுக்கறேன், இன்னிக்கு ஒரு நாளைக்கு உட்டுரு'ன்னு கையைக் கூப்புனாரு.

அம்முணி, ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதீங்க. அவரு அப்படிக் கையெடுத்துக் கும்புட்டப்ப எனக்கு வயிறு நெறையச் சோறு தின்ன மாதிரி இருந்துச்சு. எதுக்குன்னு தெரியல. ஒருவேளை அவருக்கு நம்ம அருமை இப்பவாச்சும் தெரியுதேன்னு இருக்கும்.

அப்பறம் அவரு பண்ணுன காரியந்தான் எனக்குத் தாங்கல. பக்கத்துத் தோட்டத்துக்காரி கேட்டுகிட்ட வந்தா, இவரு சன்னல்ல இருந்து அவளைக் கூப்புட்டு என்னமோ குசுகுசுன்னு பேசறாரு. மைதிலிக்குப் போன் போடறாரு. நான் வந்தா வெச்சுடறாரு. போனை வாங்கிப் பொட்டியில வெச்சுப் பூட்டுனேன், கண்ணுக்குக் கெடுதல். கைத்தடியையும் எடுத்து மேல அட்டாலியில போட்டேன். தடி இருந்தா எந்திரிச்சு நடக்கப் பாத்து உழுந்து வெப்பாரு. ஊட்டுச் சமாச்சாரம் ஊட்டோட இருக்கோணும் இல்லீங்களா?

பொங்கலுக்கு முன்னால ஒரு நாளு நான் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா கட்டில்ல ஆளில்லை. எங்கீன்னு பாத்தா, வாசல்ல தவுந்துட்டுப் போறாரு. முட்டி போட முடியாம, கையை ஊணி ஊணி, ஒடம்பை இழுத்துட்டுக் கேட்டுகிட்டப் போயிட்டாரு. கேட்டைப் புடிச்சு எந்திரிச்சு நின்னு, 'ஏ அம்மா, யாராச்சும் வாங்களே, என்னைக் கொல்றா'ன்னு கத்தறாரு. ஊரு கேக்கறாப்புல! அந்தத் தோட்டத்துக்காரி அங்க வரப்புல நின்னு பாத்துட்டிருக்கறா.

எனக்கு எப்படி இருக்கும்? முப்பது வருசம் அந்தக் கேட்டுக்கு வெளிய என்ற சத்தம் போனதில்லைங்க. துணியை வாயில அடைச்சுட்டு அடி வாங்குனவ நானு. இவரு என்னடான்னா நடு வாசல்ல நின்னு… ஓடிப் போயி கையைப் புடிச்சு இழுத்தேன். அவரு கேட்டுக் கம்பியை உடமாட்டேங்கறாரு. 'உடுங்க'ன்னேன். உடல. வெரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சேன், ஏற்கெனவே வலிக்கற வெரலு, ஊளையிட்டாரு. முறுக்கி ஒரு இழுப்பு இழுத்தேன். காஞ்ச சுள்ளி ஒடியறாப்புல ஒரு சத்தம். மணிக்கட்டு. கை அப்படியே பின்னால தொங்குது. அவரு வாயைத் தெறந்தபடி கையையே பாத்துட்டிருந்தாரு. அப்படியே அக்குள்ல கை குடுத்து இழுத்துட்டு வந்து கட்டில்ல போட்டேன். கொப்பளமெல்லாம் தரையில தேஞ்சு பிஞ்சு, வாசல் நெடுக ரத்தம். தண்ணி ஊத்திக் கழுவுனேன். துணியைக் கிழிச்சுக் கையைக் கட்டி உட்டு, கஞ்சி காய்ச்சிக் குடுத்தேன். குடிக்கல.

தோட்டத்துக்காரி போன் பண்ணியிருப்பா போல. பொழுது உழுகறதுக்குள்ள மைதிலி காரோட வந்து நின்னா. வந்தவ அவரு போர்வையை வெலக்குனா. முழங்காலைப் பாத்தா, முதுகைப் பாத்தா, கையைப் பாத்தா. 'அப்பா, எந்திரிங்கப்பா'ன்னு சொல்லிக் கொழந்தையைத் தூக்கறாப்புல தூக்குனா. நானும் ஓடிப் போயிக் காருல ஏறிக்கிட்டேன். எறங்குன்னு அவ சொல்லல, ஏறுன்னும் சொல்லல.

இங்கதாங்க வந்தோம். கையைப் படம் புடிச்சு மாவுக்கட்டுப் போட்டாங்க. சீட்டு எழுதற புள்ள பேரைக் கேட்டுச்சு, நான் எப்படிச் சொல்றது? ஊட்டுக்காரரு பேரை நான் வாயால சொன்னதே இல்லை. மைதிலிதான், 'சென்னியப்பன்'னு சொன்னா. சொல்லிட்டு என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை.

மறுநாளு நம்ம டாக்டரு வரச் சொன்னாரு. 'ஊசி போட்ட ஒடம்புல எலும்பு மெலிஞ்சுதான் இருக்கும். இருந்தாலும் இது எப்படி ஆச்சு?'ன்னு கேட்டாரு.

'வாசல்ல வழுக்கிட்டாருங்க'ன்னேன்.

'அவரு சொல்லட்டும்மா.'

அவரு தரையைப் பாத்துட்டு உக்காந்திருந்தாரு. அப்பறம் மெதுவாச் சொன்னாரு, 'அவ முறுக்குனா. தெனமும் அடிக்கறா டாக்டர். என்னை அங்க திருப்பி அனுப்பாதீங்க.'

கேட்டீங்களா? முப்பது வருசம் வாங்குனவ யாருகிட்டயும் மூச்சு உடல. இவரு ஒரு வருசங்கூட வாங்கல அம்முணி, அதுக்குள்ள டாக்டரு, நர்சு, மகள்னு அத்தனை பேரு முன்னாலயும் சொல்லிட்டாரு. பொம்பளைக்கு இருக்கற மானம் ஆம்பளைக்கு இல்லை பாத்துக்குங்க.

அதோட நிறுத்துனாரா? 'நான் அவளைப் பண்ணுனதுல இது காவாசி கூட இல்லை'ன்னும் சொன்னாரு. அழுகை வேற. டாக்டரு என்ற பக்கம் திரும்பி உக்காந்தாரு. கொரலைத் தணிச்சு, 'ஏம்மா, அவரு உங்களை அடிச்சாரா?'ன்னு கேட்டாரு.

அது வரைக்கும் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லைங்க. அண்ணன் கூடப் பொட்டியை எடுன்னுதான் சொன்னான், அடிச்சாரான்னு கேக்கல. என்ற கை தானாத் தோள்பட்டைக்குப் போச்சு. மைதிலி மூச்சைப் புடிச்சுட்டு நிக்கறா. 'சொல்லும்மா, சொல்லு'ங்கறா. தோள்பட்டை எலும்பு சரியாக் கூடாமப் பொடைச்சுட்டுத்தான் இருக்குது, சேலையை வெலக்கிக் காட்டுனாப் போதும்.

'இல்லீங்க. ஒரு நாளும் அடிச்சதில்லை. தங்கமான மனுசன்'னேன்.

டாக்டரு பேனாவைக் கீழ வெச்சாரு. 'அப்ப நீங்க எதுக்கும்மா அவரை அடிச்சீங்க?'

நீங்கன்னா என்ன சொல்லியிருப்பீங்க? நான் அவரு மேசை மேல இருந்த முழங்காலு பொம்மையைப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். பிளாஸ்டிக்குல எலும்பு, சிப்பி, எல்லாம் அச்சா இருக்குது. அந்தப் பள்ளங்கூட இருக்குது.

அவரே வேற பேச்சுக்குப் போயிட்டாரு. ரெண்டு வருசம் முடிஞ்சுது, ரத்தத்துல நோயைக் காட்டற நம்பரு கீழதான் இருக்குது, ஊசியை நிறுத்திப் பாக்கலாம்னாரு. நிறுத்துனா அந்தச் சத்து கொஞ்சங் கொஞ்சமாத் திரும்ப ஊறுமாம். சிலபேருக்கு வருசம் ஆகுமாம், சிலபேருக்குச் சீக்கிரமே வந்துருமாம். மூட்டு வலி கொறையும், தெம்பு வரும். மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் பாக்கோணும், நம்பரு ஏறுனா மறுக்கா ஊசி.

'நிறுத்தாதீங்க'ன்னேன். எந்திரிச்சு நின்னுட்டேன். 'நிறுத்தாதீங்க டாக்டர், உங்க காலைப் புடிச்சுக்கறேன், நோயி திரும்பி வந்துருமுங்க.' எனக்கு அவரு உசுருதானே முக்கியம்?

'அம்மா, நீ வெளிய இரு'ன்னா மைதிலி. அவ்வளவுதான். வெளிய வந்து இதே பெஞ்சுலதான் உக்காந்தேன். அவிய அந்தப் பக்கக் கதவு வழியாப் போயிட்டாங்க. நான் பொழுது உழுகற வரைக்கும் உக்காந்திருந்தேன்.

அதுலயிருந்து ஊட்டுல நான் ஒருத்திதான். நிம்மதியா இருக்கலாமே, ஏன் இப்படி அலையறேன்னு தோட்டத்துக்காரி கேக்கறா. எப்படி நிம்மதி வரும்? இந்த வருசம் மழை நல்ல மழை. மேகம் கட்டுனா மாட்டைப் புடிச்சு உள்ள கட்டிட்டு, கதவைத் தாப்பாப் போட்டுட்டு உக்காந்துக்கறேன். யாரு வரப் போறா? யாரும் வரப் போறதில்லை. ஆனாலும் அப்படித்தான் உக்காந்திருக்கறேன்.

மொத ரத்தத்துல நம்பரு ஏறலையாம். ரெண்டாவதுலயும் ஏறலையாம். இது மூணாவது. ஏறும் அம்முணி. ஏறாம எங்க போகும், இந்த நோயி அப்படிப்பட்டதுதானே? ஏறுச்சுன்னா ஊசி போட்டுத்தான் ஆகோணும். ஊசி போட்டா மூட்டு வலி வந்துரும். அவ வேலைக்குப் போறவ, எத்தனை நாளைக்குத் தூக்கி எறக்குவா? எங்கிட்டத்தான் கொண்டாந்து உடோணும். நான் பாத்துக்குவேன். அதுக்குத்தான் வந்து உக்காந்திருக்கறேன், நம்பரைக் கேட்டுட்டுப் போலாம்னு.

இருங்க. லிப்டு தெறக்குது.

மைதிலிதான் அது, பச்சைச் சுடிதாரு. எளைச்சுட்டா பாவம். பின்னால… பின்னால வர்றது அவரா? கைத்தடியைக் காணோமே. கைத்தடி இல்லைங்க. தானா நடந்து வர்றாரு. முட்டியை மடக்கி மடக்கி எப்படி வெக்கறாரு பாருங்க. நெஞ்செல்லாம் சதை போட்டிருக்குது. மீசையை முறுக்கி உட்டிருக்காரு. அந்தக் கையை நீட்டி மடக்கறாரு, நர்சுகிட்ட என்னமோ கேக்கறாரு. கேட்டுச்சா உங்களுக்கு? அந்தக் கொரலு. அவரு கொரலுதான் அது.

எந்திரிக்காதீங்க அம்முணி. உங்க ஊட்டுக்காரரு வர இன்னும் நேரமாகும், உக்காருங்க. இப்படி என்ற பக்கமாத் திரும்பி உக்காருங்க கொஞ்சம். முந்தானையை இந்தத் தோளு மேல உடுங்க, அப்படித்தான். கொஞ்சம் நிமுந்துக்குங்க. நானு குனிஞ்சுக்கறேன்.

இந்தப் பக்கம் பாக்கறாரா? நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் பாக்கல. பாக்கறாரா?